இடப்பக்க வளைவில் நின்றுபோன விளக்கு

1. நான்கு பத்துக்கு வந்த அழைப்பு

2024 நவம்பர் 9, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். மெல்பேர்ணின் கிழக்குக் கோடியில் உள்ள ரோவிலில் வெப்பம் முப்பத்தொரு பாகை. மேகம் இல்லை, வடக்கிலிருந்து வறண்ட காற்று. சிவபாலன் வீட்டுக் கராஜில் ஒரு மடக்குக் கதிரையில், கைத்தொலைபேசியை முழங்காலில் வைத்தபடி நான் உட்கார்ந்திருந்தேன்.

சிவபாலன் தன் மோட்டார் சைக்கிளின் பின்னால், நான் வயர் இழுத்துக் கொடுத்த சிறிய ட்ரெய்லரைப் பூட்டிக்கொண்டு, வெலிங்டன் வீதி வழியாக மலைப்பக்கம் போயிருந்தார். அவருடைய மனைவி மங்கை காரில் பின்தொடர்ந்தார். அவருக்கு ஒரே வேலைதான்: ட்ரெய்லர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே போவது. புறப்பட்டு முப்பத்தைந்து நிமிடமாக அழைப்பு வரவில்லை. வராதவரை நல்லது என்று இருந்தேன். அப்போதுதான் மணி அடித்தது. மங்கை.

"அண்ணை, லைட் நிண்டுட்டுது. இது ரெண்டாந்தரம்."

"எது? இடதா, வலதா?"

"எல்லாம். பிறேக், சிக்னல், பின்லைட் எல்லாம். பொறுங்கோ, இப்ப திரும்ப வந்திட்டுது."

காரின் ஸ்பீக்கரில்தான் பேசுகிறாரா, கையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டா என்று கேட்டேன். அவர் வீதியைச் சொல்லத் தொடங்கினார். வலப்பக்கம் ஒரு வளைவு, விளக்கு எரிகிறது என்றார். நேர்வீதி, எரிகிறது என்றார். பிறகு ஒரு மூச்சு விட்டார்.

"திரும்பவும் நிண்டுட்டுது. இது மூண்டாந்தரம். சரி அண்ணை, நான் சொன்னது சொன்னதுதான். நாளைக்குப் பத்து மணிக்கு அந்த ட்ருகனினாப் பெடியன் வரட்டும்."

நாற்பத்தொரு வருடம் வாகன மின்வேலை செய்தவன் நான். வவுனியாவில் பஸ் டிப்போவில் பதினொரு வருடம், டண்டினோங்கில் ஓட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில் முப்பது வருடம். ஓய்வு பெற்ற பிறகு, தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை செய்கிறேன். கதிரையை விட்டு எழுந்து கராஜ் கதவைத் திறந்து வைத்தேன். அந்தப் பெடியன் ஏன் வர இருந்தான் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்கள் வயரைப் பற்றி மட்டும் படித்தால் போதாது. அந்த வயரின் மறுமுனையில் என்ன தொங்குகிறது என்றும் தெரிய வேண்டும்.

2. இருபது பைகள்

சிவபாலனுக்கு அப்போது அறுபத்துமூன்று வயது. இருபத்தாறு வருடம் இந்த நகரத்தில் ட்ராம் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அவருக்குச் செய்வது, வயிற்றுக்குள் திரவத்தை ஏற்றி, சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு வடித்துவிடும் வகை டயாலிசிஸ். வீட்டிலேயே செய்யலாம். நாளுக்கு நான்கு தரம், தரத்துக்கு இரண்டு லீற்றர்ப் பை ஒன்று. எங்கே போனாலும் பைகளும் கூடவே போக வேண்டும். ஒரு பெட்டியில் ஐந்து பைகள், ஒரு பெட்டி ஏறக்குறைய பதினொரு கிலோ.

மோட்டார் சைக்கிளில் பதினொரு கிலோப் பெட்டிகளை எங்கே வைப்பது? அதனால் அவருடைய வண்டி இரண்டு வருடமாக உறை போர்த்தியபடி கராஜில் நின்றது. ஜப்பானில் செய்த நெடும்பயண வண்டி, ஆறு சிலிண்டர், நானூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு ட்ரெய்லர் பூட்டலாம் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மெரிலேண்ட்ஸில், சிட்னிப் பக்கம், அவருடைய தம்பி இருக்கிறார். நிதானமாக மூன்று நாள் ஓட்டம். மூன்று நாளுக்குப் பன்னிரண்டு பை, ஆபத்துக்கு எட்டுப் பை, ஆக நான்கு பெட்டி. அங்கே போன பிறகு தேவைப்படும் பெட்டிகளைத் தம்பி வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். வைத்தியரும் சரி என்று சொல்லியிருந்தார்.

காரில் போனால் என்ன என்று நானும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"காரில போனா மங்கை ஓட்டுவா, நான் பக்கத்தில மடியில கையை வைச்சுக்கொண்டு இருப்பன்," என்றார். "அண்ணை, காரில போனா நான் வருத்தக்காரன். வண்டியில போனா நான் சிவபாலன்."

மங்கை பத்தொன்பது வருடம் வயோதிபர் இல்லமொன்றில் நேர்ஸ் வேலை பார்த்தவர். பயந்த சுபாவம் இல்லை. அவருடைய கவலை நியாயமானது. சிட்னிக்குப் போகும் ஹியூம் நெடுஞ்சாலையில் பெரிய லொறிகள் நூறு கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் வரும். ட்ரெய்லரோ என் இடுப்பு உயரம்கூட இல்லை. மாலை வெளிச்சத்தில் விளக்கு எரியாவிட்டால் லொறிக்காரனுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஒத்திகை ஓட்டத்தில் ட்ரெய்லர் விளக்கு ஒரு தரமேனும் நின்றால் வண்டி விற்கப்படும். விளம்பரம் போட்டு ஆளும் பார்த்துவிட்டார். நகரத்தின் மேற்குக் கோடியில், ட்ருகனினாவில் இருக்கும் நவீன் என்ற கோயம்புத்தூர்ப் பெடியன் ஞாயிறு பத்து மணிக்கு முழுப் பணத்துடன் வருவதாகப் பேச்சு.

3. நிறத்தை நம்பாமல் செய்த வேலை

இனி வேலையைச் சொல்கிறேன். ட்ரெய்லரை இழுக்கும் ஹிட்ச்சைப் பொருத்தியது வேறொரு வேர்க்‌ஷொப். என் பங்கு மின்சாரம் மட்டும்.

இந்த நாட்டு ட்ரெய்லரில் நிறங்கள் இப்படி: மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு பிறேக், மண்ணிறம் பின்விளக்கு, வெள்ளை எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழி. இவருடைய வண்டியிலோ பச்சைதான் எர்த். பச்சையோடு பச்சையைச் சேர்க்கிறவன் வலது சிக்னலைப் போட்டவுடன் ஃபியூஸை எரிப்பான். நான் கடையில் இருந்த காலத்தில் அப்படி எரித்துக்கொண்டு வந்தவர்கள் ஏழு பேர். அதனால் நிறத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு வயராக மின்சாரம் அளக்கும் மீற்றர் வைத்து, எது என்ன என்று ஒட்டுத்தாளில் எழுதிக் கட்டினேன்.

இன்னொன்று. இந்த வண்டிகளில் ஒரு சின்னக் கணினி விளக்குகளைக் கண்காணிக்கிறது. வண்டியின் பின்விளக்கு வயரிலிருந்து நேரே ட்ரெய்லருக்கு இழுத்தால், ஏன் இவ்வளவு கரண்ட் போகிறது என்று அது சந்தேகப்பட்டு விளக்கையே நிறுத்திவிடும். அதற்கு நடுவில் ஒரு ரிலே மொடியூல் வைக்க வேண்டும். வண்டியின் வயர்கள் அதற்குச் செய்தி மட்டும் சொல்லும். கரண்ட், வண்டியின் பன்னிரண்டு வோல்ற் பட்டறியிலிருந்து பத்து அம்பியர் ஃபியூஸ் வழியாகத் தனியே வரும். அதையும் செய்தேன்.

பிளக் செருகும் சொக்கெற்றை நம்பர் பிளேட்டின் வலப்பக்கம் பூட்டினேன். ட்ரெய்லரிலிருந்து வரும் கேபிளை, வண்டி திரும்பும்போது இழுபடாத அளவுக்கு ஆறு சென்ரிமீற்றர் தளர்வு விட்டு, மிச்சத்தை நேர்த்தியாகக் கட்டினேன். ஒரு வயர் தொங்கவில்லை. பிளக்குக்குள் ஐந்து முனைகளும் ஒரே மட்டத்தில் நின்றன. சிவபாலன் குனிந்து பார்த்துவிட்டு, கோயில் மாலை கட்டின மாதிரி இருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூலியாக முந்நூற்று நாற்பது டொலர் வாங்கினேன். ஒவ்வொரு விளக்கையும் பத்துத் தரம் போட்டு நிறுத்திப் பார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை.

அந்த வேலைதான் வெலிங்டன் வீதியில் மூன்று தரம் நின்றுபோனது.

4. மீற்றர் சொன்ன பொய்

நான்கு ஐம்பதுக்கு இருவரும் திரும்பி வந்தார்கள். சிவபாலன் ஹெல்மெற்றைக் கழற்றும் முன்னரே, லைட் நின்றது தனக்குத் தெரியவில்லை என்றார். அது உண்மைதான். ட்ரெய்லர் விளக்கு ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஆனால் அதோடு நிறுத்தியிருக்கலாம். மேற்கு வெயில் கண்ணில் அடித்திருக்கும், மங்கைக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

"கிழக்க போகேக்க மேற்கு வெயில் எப்பிடி என்ர கண்ணில அடிக்கும்?" என்றார் மங்கை. "நான் கண்ணால கண்டனான். அண்ணையைக் கேளுங்கோ."

விளக்கைப் போடச் சொன்னேன். எல்லாம் எரிந்தன. பிறேக், எரிந்தது. இடது, வலது, எரிந்தன. கேபிளைப் பிடித்து அசைத்தேன், எரிந்தது. ட்ரெய்லரின் ஒரு பக்கத்தில் ஏறி நின்று குலுக்கினேன், எரிந்தது. எல்லா விளக்கும் ஒன்றாய் நின்றால் எர்த்தைச் சந்தேகப்பட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ட்ரெய்லரின் இரும்பில் ஒரு முனை, பட்டறியின் நெகற்றிவ்வில் ஒரு முனை வைத்து மீற்றரைப் பார்த்தேன். பூச்சியம் தசம் மூன்று ஓம். அதைவிட நல்ல எர்த்தை நான் புதுக்காரிலும் கண்டதில்லை.

சிவபாலன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மீற்றர் நல்லது என்கிறது என்று நான் சொன்னால், மங்கைக்குக் கண் பிழை என்று ஆகிவிடும், வண்டி தப்பிவிடும். அதைத்தான் அவர் எதிர்பார்த்தார். அந்தக் கணம் எனக்கும் அப்படிச் சொல்ல ஆசை இருந்தது, ஏனென்றால் என் வேலையும் தப்பிவிடும். ஆனால் மங்கை பத்தொன்பது வருடம் வார்ட்டில் வருத்தக்காரரைப் பார்த்து என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று சொல்லிப் பழகியவர். அவர் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது.

"தங்கச்சி, நிண்ட மூண்டு தரமும் வீதி எந்தப் பக்கம் திரும்பினது?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "இடப்பக்கம். மூண்டும் இடப்பக்கம். இவர் வண்டியைச் சரிக்கிறார், லைட் நிக்குது. நிமித்திறார், வருது."

சரிக்கிறார். இந்த ஒரு சொல் என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, ஆனால் உடனே ஒன்றும் செய்யவில்லை. நாற்பத்தொரு வருடமும் நான் வேலை செய்தவை எல்லாம் நான்கு சில்லும் அதற்கு மேலும் உள்ள கார், பஸ், லொறி. அவை திரும்பும். சரியாது.

5. பெட்டி எடுத்தால் இருட்டு

ஐந்தேகால் ஆயிற்று. கராஜுக்குள் வெக்கை. மங்கை ட்ரெய்லரின் மூடியைத் திறந்தார். ஒத்திகைக்காக நான்கு பெட்டிகளையும் உண்மையாகவே ஏற்றியிருந்தார்கள். மருந்துத் திரவம் இந்தச் சூட்டில் கிடக்கக் கூடாது, உள்ளே கொண்டுபோகிறேன் என்றார். நான் பின்னால் நிலத்தில் குந்தி, எல்லா விளக்கையும் எரியவிட்டு, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ட்ரெய்லரின் முன்பக்கத்தில் இருந்த முதற் பெட்டியை மங்கை தூக்கினார். விளக்குகள் ஒரு தரம் மினுங்கின.

இரண்டாவது பெட்டியைத் தூக்கினார். எல்லாம் நின்றன.

"தங்கச்சி, அதைத் திரும்ப வையுங்கோ."

"எதை?"

"பெட்டியை. எடுத்த இடத்திலயே."

வைத்தார். எரிந்தன. எடுக்கச் சொன்னேன். நின்றன. திரும்ப வைக்கச் சொன்னேன். எரிந்தன. மூன்றாந்தரம் தூக்கச் சொன்னபோது, பதினொரு கிலோவை நீங்களே தூக்கிப் பாருங்கோ என்றார் மங்கை. சிவபாலன் வந்து தூக்கப் போனார். வயிற்றில் குழாய் வைத்திருக்கிற ஆள் பாரம் தூக்குவதா என்று அவருக்கும் பேச்சு விழுந்தது. கடைசியில் நான்தான் தூக்கினேன். நின்றன.

எனக்கு விளங்கிவிட்டது. சிரிப்பு வந்தது. பல மாதமாக நான் அப்படிச் சிரிக்கவில்லை. இருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ட்ரெய்லரின் முன்மூக்கு, வண்டியில் உள்ள இரும்புப் பந்தின் மேல் ஒரு கிண்ணம் போலக் கவிழ்ந்து உட்காருகிறது. முன்பக்கத்தில் பாரம் இருந்தால் கிண்ணம் பந்தை அழுத்தும். இரும்போடு இரும்பு நன்றாகத் தொடும். அப்போது அந்தப் பந்தே எர்த்தாகிவிடும். அதாவது என் வெள்ளை வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அதன் வேலையைப் பந்து செய்துகொண்டிருக்கிறது. மீற்றர் காட்டிய பூச்சியம் தசம் மூன்று என் வயருடையது அல்ல, பந்தினுடையது. வண்டி நிமிர்ந்து நிற்கும்போது பந்து தொடுகிறது. இடப்பக்கம் சரிந்தால், கிரீஸ் பூசிய பக்கத்துக்கு வழுக்கி, தொடாமல் போகிறது.

இதை ஊகமாக விட எனக்கு மனமில்லை. மங்கையிடம் ஒரு ரப்பர்க் கையுறை கேட்டேன். அந்த வீட்டில் கையுறைப் பெட்டி இல்லாத அறை இல்லை. பெட்டிகள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, ட்ரெய்லரின் மூக்கை உயர்த்தி, கையுறையைப் பந்தின் மேல் போர்த்தி, கிண்ணத்தை இறக்கினேன். பாரம் முழுவதும் இருந்தும் ஒரு விளக்கும் எரியவில்லை. கையுறையை எடுத்தேன். ஏழு விளக்கும் எரிந்தன.

"ஆக, நான் கண்டது சரி," என்றார் மங்கை.

"நீங்கள் கண்டதுதான் சரி. மீற்றர்தான் பிழை," என்றேன்.

சிவபாலன் கையுறையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். மனைவி சரி என்றால் வண்டி போகும். அதை அவர் நினைத்துக்கொண்டு நின்றார்.

6. நேர்த்தி செய்த கேடு

பிளக்கைத் திறந்தேன். வெள்ளை வயர் தன் திருகாணியிலிருந்து கழன்று, ஆனால் விழாமல், பிளாஸ்ரிக்குக்குள் சும்மா நின்றது. மற்ற நான்கும் இறுக்கமாக இருந்தன.

ஏன் வெள்ளை மட்டும்? எல்லா முனைகளும் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக அதை மற்றவற்றைவிட நான்கு மில்லிமீற்றர் குட்டையாக வெட்டியிருந்தேன். கேபிள் இழுபட்டால் முதலில் பாரம் தாங்குவது குட்டையான வயர். எர்த் வயர்தான் எல்லாவற்றிலும் நீளமாக இருக்க வேண்டும், கடைசியாகத்தான் அது கழல வேண்டும் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். கடையில் இருந்த காலத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்று முழுவதும் அவனோடு பேசியிருக்க மாட்டேன்.

கேபிள் ஏன் இழுபட்டது? ஒரு தாளில் கணக்குப் போட்டேன். பந்திலிருந்து சொக்கெற் வலப்பக்கமாக இருபத்தைந்து சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. வண்டி இடப்பக்கம் முப்பது பாகை சரிந்தால் வலப்பக்கம் மேலே எழும். எவ்வளவு? இருபத்தைந்தில் பாதி, பன்னிரண்டரை சென்ரிமீற்றர். நான் விட்ட தளர்வு ஆறு. திரும்புவதற்குக் கணக்குப் பார்த்தேன், சரிவதற்குப் பார்க்கவில்லை. முதல் பெரிய இடப்பக்க வளைவிலேயே வெள்ளை வயர் கழன்றிருக்கும்.

மங்கையிடம் தாளைக் காட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"கணக்கு விளங்குது அண்ணை. ஆனா நான் இவரிட்டை என்ன சொன்னனான்? ஒரு தரம் நிண்டாலும் விக்கிறது."

"வயர்காரன்ர பிழைக்கு வண்டிக்காரனுக்குத் தண்டனையோ?"

"லொறிக்காரன் உதெல்லாம் கேட்டுப்போட்டே இடிக்கப் போறான்?"

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, பெடியன் பத்து மணிக்குத்தானே வருகிறான், அதற்கு முன் ஒரு ஓட்டம் பார்ப்போம், நீங்கள் ஓட்டுங்கள், நான் உங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன் என்றேன். அவர் கணவனைப் பார்த்தார். சிவபாலன் நிலத்தைப் பார்த்தபடி, கையுறையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக நின்றார்.

"விடிய எட்டரைக்கு," என்றார் மங்கை.

உடனே புறப்பட்டு, வாகன உதிரிப்பாகக் கடை பூட்டுவதற்குச் சற்று முன் புகுந்து, சுருள் கேபிள் ஒன்றும் புதுப் பிளக்கும் வாங்கினேன். சுருள் கேபிள் என்றால் பழைய வீட்டுத் தொலைபேசியின் வயர் மாதிரி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கராஜுக்குத் திரும்பி வந்து பூட்டினேன். இந்த முறை வெள்ளை வயரை மற்றவற்றைவிடப் பத்து மில்லிமீற்றர் நீளமாக விட்டேன். பிளக்கின் வாயருகே கேபிளைத் தனிக் கிளிப் போட்டுப் பிடித்தேன், இழுவை திருகாணிக்குப் போகாதபடி. தளர்வு இருபது சென்ரிமீற்றர். பார்க்க அழகாக இல்லை. பன்றிவால் போலச் சுருண்டு தொங்கியது. பிறகு கையுறையைப் பந்தின் மேல் போர்த்தி, பந்தின் உதவி இல்லாமலே எல்லா விளக்கும் எரிகின்றனவா என்று பார்த்தேன். எரிந்தன. அன்று இரவு மூன்று தரம் எழுந்து தண்ணீர் குடித்தேன்.

7. நாற்பத்தொரு வளைவு

ஞாயிறு காலை எட்டரை. பதினைந்து பாகை, மழைத் தூறல். தூறலைப் பார்த்ததும் எனக்கு அடுத்த கவலை: பிளக்குக்குள் நீர் போனால்? மங்கை காரை எடுத்தார். நான் பக்கத்து ஆசனத்தில். முன்னால் சிவபாலன், நான்கு பெட்டிகளோடு.

லிஸ்டர்ஃபீல்ட் தாண்டி வீதி வளையத் தொடங்கியது. முதல் இடப்பக்க வளைவில் அவர் சரிந்தபோது நான் முன்கண்ணாடிக்கு முகத்தைக் கொண்டுபோனேன். விளக்கு எரிந்தது. இரண்டாவது, எரிந்தது. மூன்றாவது கூர்மையான வளைவு, நேற்று லைட் நின்ற இடம். சிவபாலன் பிறேக் பிடித்தபடியே சரிந்தார். இரண்டு சிவப்பும் ஈரவீதியில் கோடு கோடாக விழுந்தன. சுருள் கேபிள் நீண்டு, பிறகு வாய்மூடுவது போலச் சுருங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

நான் வாய்விட்டு எண்ணியது எனக்கே தெரியவில்லை. மலையின் மேலே திரும்பும் இடம்வரை இடப்பக்கம் இருபத்திரண்டு. இறங்கும்போது தூறல் பெருமழையானது. அதிலும் எரிந்தன. முப்பது. முப்பத்தைந்து. மங்கையின் கைகள் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. எங்கே தளர்ந்தன என்று கவனிக்கவில்லை, ஆனால் நாற்பதாவது வளைவில் ஒரு கை மடியில் இருந்தது.

"நாற்பத்தொண்டு," என்றேன்.

"அண்ணை, நீங்கள் எண்ணுறதை நிப்பாட்டலாம்," என்றார் மங்கை.

வீட்டு வாசலுக்கு வந்தபோது ஒன்பதே முக்கால். ஒரு பெடியன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். நவீன். சிவபாலன் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தும் இறங்காமல், ஹெல்மெற்றோடு அப்படியே இருந்தார். மங்கை காரிலிருந்து இறங்கி நேரே பெடியனிடம் போனார்.

"தம்பி, குறை நினைக்காதையும். வண்டி விக்கேல்லை."

"என்ன ஆன்ட்டி, நேத்து சாயங்காலம்கூட கன்ஃபார்ம் பண்ணீங்களே. ட்ருகனினாலேருந்து இந்த மழையில வர்றேன்."

"ஓம் தம்பி. நேற்று லைட் எரியேல்லை. இண்டைக்கு எரியுது."

பெடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் சிவபாலனிடம் போய்க் குனிந்து, ஹெல்மெற்றுக்குள் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்.

"அங்கிள், உங்க வைஃப் வண்டியைத் தர மாட்டாங்களாம்."

சிவபாலன் இடது சிக்னலைப் போட்டார். ட்ரெய்லரில் இடப்பக்கம் மின்னி மின்னி எரிந்தது. நிறுத்தி வலது சிக்னலைப் போட்டார். எரிந்தது. பிறேக்கை மூன்று தரம் பிடித்தார். மழைக்குள் மூன்று தரமும் சிவந்தது. மங்கை வாசலில் நனைந்தபடி நின்று அதைப் பார்த்தார்.

"காணும், நிப்பாட்டுங்கோ, பட்டறி இறங்கப் போகுது," என்றார். "பத்துமணிப் பைக்கு நேரமாச்சு. இறங்கி வாங்கோ."

8. மெரிலேண்ட்ஸ்

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டார்கள். அவர் முன்னால் வண்டியில், மங்கை பின்னால் காரில். அப்படியானால் பெட்டிகளைக் காரிலேயே ஏற்றலாமே, ட்ரெய்லர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. இந்த முறை கேட்காமலிருக்கத் தெரிந்திருந்தது. முதல் நாள் வொடோங்கா, இரண்டாம் நாள் யாஸ். திங்கட்கிழமை மூன்று இருபதுக்கு மங்கை அழைத்தார். மெரிலேண்ட்ஸில் தம்பி வீட்டு வாசல். பின்னால் ஒரே சத்தம், யாரோ குழந்தைகள் ஹோர்ன் அடித்துப் பார்க்கிறார்கள்.

"அண்ணை, ஒரு தரமும் நிக்கேல்லை. பொறுங்கோ, இவர் கதைக்கப் போறாராம்."

சிவபாலன் வந்தார். தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் ஓடிய களைப்பு குரலில் இருந்தது. "அண்ணை," என்றார், "வழியில ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில ஒருத்தன் வந்து, பெட்டிக்குள்ள என்ன கொண்டு போறாய் எண்டு கேட்டவன். கிட்னி எண்டனான்."

இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். எர்த் வயரை நீளமாக விடுங்கள், அழகைப் பிறகு பாருங்கள். மீற்றர் நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்; கேள்வி பிழை என்றால் அதற்குத் தெரியாது. ஓடும் பொருளை நிறுத்தி வைத்துப் பரிசோதித்தால், நிற்பதற்கு அது சரி என்று மட்டும்தான் தெரியவரும். பின்னால் இருந்து பார்த்தவர் ஒன்றைக் கண்டேன் என்றால், நம்புங்கள், எந்தப் பக்கம் திரும்பும்போது என்று கேளுங்கள்.

சிவபாலன் இரண்டாவது வேலைக்கும் கூலி தர வந்தார். வாங்கவில்லை. என் வேலை என்னிடம் திரும்பி வந்தால் அதற்குக் கூலி இல்லை. கடையிலும் அப்படித்தான் நடந்தேன். சுருள் கேபிள் முப்பத்தெட்டு டொலர் ஐம்பது, பிளக் பதினேழு தொண்ணூறு, கிளிப்பும் சில்லறைச் சாமானும் ஆறு டொலர். நவீனை ட்ருகனினாவிலிருந்து வெறுங்கையோடு அலையவிட்டது என் கேபிள் என்பதால், வேண்டாம் வேண்டாம் என்றவனின் கையில் பெற்றோலுக்கு இருபது டொலர் திணித்தேன். எல்லாமாக எனக்கு ஆன செலவு எண்பத்திரண்டு டொலர் நாற்பது சதம்.